குளத்தைச் சுற்ற ஒரு மோட்டார்

"ஏங்க, உங்க கடை ஆயில்தான் என் மோட்டாரக் கெடுத்துருச்சு."

மழைக்கு ஒதுங்கி நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன், பாட்டிலை மேசையில் டொக்கென்று வைத்தான். அறிவுச்செல்வி நிமிர்ந்தாள். நனைந்த தலைமுடி... இமையில் தங்கி நின்ற ஒரு மழைத்துளி... அதற்குக் கீழே கோபப்படவே தெரியாத இரண்டு கண்கள். சண்டைக்கு வந்தவன் இப்படியா கண்ணை வைத்துக்கொண்டு வருவது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன வண்டி?"

"படகு மோட்டாருங்க."

"திண்டுக்கல்லுலயா? பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுத் தண்ணியா நிக்கிது?"

அவன் சிரிக்கவில்லை. பெயர் இனிகோ, பூட்டுப் பட்டறை வீட்டுப் பையன். சிறுமலை அடிவாரக் குளத்தில் படகுச் சவாரி விட ஊராட்சியில் ஆள் தேடுகிறார்கள். சனிக்கிழமை அவர்கள் முன்னால் குளத்தை நிற்காமல் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் சவாரி அவனுக்கு. தூத்துக்குடியில் வாங்கிய பழைய மோட்டார். அவனைவிட வயதில் மூத்தது. இப்போது புகையாய்க் கக்கிவிட்டு நடுக்குளத்தில் நின்றுபோகிறது.

"ஓடலேன்னா?"

"திங்கக்கிழமை கோயம்புத்தூர் பஸ்ஸு. மாமா பட்டறைக்கு."

முன்பின் தெரியாதவன் எந்த பஸ் ஏறினால் இவளுக்கென்ன... ஆனாலும் சுருக்கென்றது. அதை மறைக்கத்தான் குரல் உயர்ந்ததோ என்னவோ.

"பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துற எஞ்சினுக்கு இதுதான் ஆயில். பைக்குக்கும் இதத்தான் குடுக்குறேன். கோளாறு உங்க மோட்டார்ல."

"சரிங்க... வாரேன்."

பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவன் போன பிறகுதான் ராமேஸ்வரம் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"பைக் ஆயிலையா ஊத்தச் சொன்ன? பைக் எஞ்சின் காத்துல குளிருது, சூடு சாஸ்தி. படகு எஞ்சின் தண்ணியிலதான குளிருது... அந்தக் கம்மிச் சூட்டுல பைக் ஆயில் சரியா எரியாதும்மா. பிளக்குல கரிதான் அடையும். பழைய மோட்டார்னா ஆயில் கூடவும் வேணும். லிட்டருக்கு நாப்பது மில்லி."

அறிவுச்செல்விக்குக் காது சுட்டது. அப்பா ஜெரோம் இவளை நம்பிக் கடையை விட்டுப் போனதிலிருந்து அவள் சொன்ன ஆயில் தப்பியதே இல்லை. 'ஆளனுப்பிக் குடுத்துரலாம்' என்றது வீம்பு. 'நீ சொன்ன தப்புக்கு நீயே போ' என்றது இன்னொரு மனசு. அந்தக் கண்களை மறுபடி பார்க்க ஒரு சாக்கு என்று மூன்றாவதாக ஏதோ முணுமுணுத்ததை அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

படகு ஆயில் பஸ் பார்சலில் வந்தது. சனிக்கிழமை காலையில் குளக்கரையில் அவளைக் கண்டதும் இனிகோ அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்களா..."

"தப்பு என்னுதுங்க. பழைய பெட்ரோலக் கொட்டுங்க."

பிளக்கில் கரி அப்பிக் கிடந்தது. துடைத்தாள். புது ஆயிலை அவளே அளந்து கலந்தாள். கயிற்றை இழுத்தான்... மோட்டார் பிடித்துக்கொண்டது. புகையில்லை. 'முடிச்சுக் காட்டிட்டுத்தான் இறங்குவேன்' என்று அவளும் படகில் ஏறிக்கொண்டாள்.

நடுக்குளத்தில் மோட்டார் இருமி, நின்றது.

இனிகோ டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தான். நிறைய இருந்தது. மூடியை இறுக்கிக் கயிற்றை இழுத்தான். ஓடியது. செத்த நேரத்தில் மறுபடியும் நின்றது. கரையில் ஊராட்சி ஜீப் வந்து நின்றதை இருவரும் பார்த்தார்கள்.

"விடுங்க. நம்ம ராசி அம்புட்டுத்தான்."

"விடமாட்டேன்," என்றாள். அவன் மறுபடி மூடியைத் திறந்து, பார்த்து, இறுக்கினான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பளிச்சென்று பட்டது. திறந்து மூடினால்தானே ஓடுகிறது!

"ஏன் இம்புட்டு இறுக்குறீங்க?"

"பூட்டுக்காரங்க வீடுங்க. எதையும் லேசா மூடுனா அப்பாவுக்கு ஆகாது."

மூடியின் மேல் சின்னதாக ஒரு திருகாணி. அதையும் விடாமல் முறுக்கி வைத்திருந்தான்.

"ஆயில் டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டா ஆயில் இறங்காதுங்க. காத்துப் போக இன்னொண்ணு வேணும். தினம் அதத்தான் செய்றேன்... இது அந்தக் காத்து ஓட்டைக்குத்தான்." திருகாணியைத் தளர்த்தினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். "இப்ப இழுங்க."

கரைக்குத் திரும்பி, ஊராட்சிக்காரர்கள் பார்க்க மறுபடி கிளம்பினார்கள். தூறலும் கூடவே வந்தது. மோட்டார் நிற்கவே இல்லை. அறிவுச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியையே பார்த்தாள். அவன் அவளையே பார்த்தான். கிளம்பிய இடம் நெருங்கியது. ஜீப்பருகே நின்றவர்கள் தலையாட்டிக் கைதட்டினார்கள்.

"முடிஞ்சிருச்சு," என்றாள். "இனி கோயம்புத்தூர் போக வேணாம்ல..."

"ஏங்க, நான் போனா உங்களுக்கு என்ன?"

வீம்புக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க மழையில இறங்கிப் போனதுல இருந்து எனக்கு வேலையே ஓடல. உங்களப் பிடிச்சிருக்கு. போகாதீங்க."

இனிகோ படகைக் கரையிலிருந்து திருப்பினான்.

"எங்க போறீங்க? ஒரு சுத்துதான கேட்டாங்க?"

"அது அவங்களுக்கு. நீ பட்டுனு சொல்லிப்புட்ட... எனக்கு எல்லாத்தையும் இறுக்கியே பழக்கம், செல்வி. நான் சொல்லி முடிக்க இன்னொரு சுத்து ஆகும்."