மனமொப்பு மானி

நிலவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் சான்றொப்பம். ஒன்பது மணிக்கே வரிசை நீண்டுவிடும். செண்பகவல்லி மூன்றாவது வாரமாக அதே நான்கு பக்கப் பத்திரத்தோடு வந்திருந்தாள்.

"போன வாரமும் வந்தீங்கல்ல?" என்றார் எழுத்தர் நூருதீன்.

"அதுக்கு முந்தின வாரமும் வந்தேன் சார்."

கையெழுத்து, முகம், குரல் எல்லாவற்றுக்கும் கணினிகள் போலி செய்யத் தொடங்கிய பிறகு சட்டம் அவற்றை நம்புவதில்லை. நெற்றியில் கட்டும் மனமொப்பு மானியைத்தான் நம்புகிறது. பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனம் ஒப்பினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. யாரும் யாரையும் மிரட்டி எழுதி வாங்கக் கூடாது என்று வந்த ஏற்பாடு.

செண்பகவல்லியை யாரும் மிரட்டவில்லை. கோவில்பட்டியில் இருக்கும் அவள் மகள் நிறைமதிக்கு எட்டு வயது. இதயத்தில் மூன்று கட்டமாக அறுவை சிகிச்சை. ஒவ்வொன்றுக்கும் தாயின் ஒப்புதல் நிலவிலிருந்து வரும்வரை மருத்துவமனை காத்திருக்க முடியாது. அதனால், குழந்தையை வளர்க்கும் தங்கை பூரணியையே தாயாகப் பதிய வேண்டும். செண்பகவல்லி ஊர் திரும்பவும் வழியில்லை. ஆறு வருடச் சுரங்க வேலையில் எலும்புகள் மெலிந்துவிட்டன. பூமியின் எடையை அவை தாங்காது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

'தாயுரிமையை முழுமையாக விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரியில் இரண்டு வாரமும் சிவப்பு எரிந்தது.

நேற்று மதியம் பூரணியை அழைத்தாள்.

"எனக்கு மனசு வர மாட்டேங்குது பூரணி."

"தெரியும்க்கா. உன்னைக் குத்தம் சொல்லல. டாக்டர் இந்த மாசத்துக்குள்ள செஞ்சிரணுங்காரு. இரு, பிள்ளைட்ட பேசு."

நிறைமதி வந்தாள்.

"ஆஸ்பத்திரின்னா பயமா இருக்கா கண்ணு?"

"கொஞ்சம். சித்தி கையப் புடிச்சிக்கிடுவேன்."

"அம்மாவ நெனைச்சுக்கிடுவியா?"

நிலவுக்கும் ஊருக்கும் குரல் போய்வர மூன்று வினாடி ஆகும். இந்தப் பதில் வர அதற்கு மேலும் ஆனது.

"நெனைக்கணுமாம்மா?"

குறும்பாகக் கேட்கவில்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கைச் செய்ய வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"வேண்டாம் கண்ணு. சித்தி கையப் புடிச்சுக்கோ, போதும்."

இன்று செண்பகவல்லி நிதானமாகப் படித்தாள். அந்த வரி வந்தது. குரல் தடுமாறவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது.

நூருதீன் முத்திரையிட்டார். "முடிஞ்சதும்மா. சாயங்காலத்துக்குள்ள ஊருக்குப் போயிரும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "இது தப்பாக் காட்டுமா சார்?"

"இதுவரைக்கும் காட்டுனதில்லம்மா."

"சிவப்பு எரிஞ்சப்பல்லாம், நான் இன்னும் அம்மாதான்னு வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேன்," என்றாள் செண்பகவல்லி. நெற்றிப்பட்டையைக் கழற்ற அவள் கை போகவில்லை.

நூருதீன் அடுத்த எண்ணைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.