நாரைத்திட்டு வரப்பில் விட்டுப்போன தடம்

மரக்காணம் கடைத்தெருவில் சர்புன்னிசாவின் ஜவுளிக்கடைக்குப் புடவையோடு புகாரும் வந்துகொண்டிருக்கும். விலை கேட்கிற முகத்தைப் பார்த்தே மடியின் கனம் சொல்லிவிடுகிறவள் அவள். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம்பி தமீம் அன்சாரிக்கு அக்காவைப் பற்றிக் கொள்ளைப் பெருமை. ஒரு தடவையாவது அவளை முந்திவிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது.

அன்று வந்தவள் மலர்கொடி. உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நாரைத்திட்டுக்கு ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்ப் பகலெல்லாம் நடத்திக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. நேற்று அவர்கள் திரும்பிய பிறகு பார்த்தால், திட்டிலிருக்கும் உப்புப் பாத்தியின் வரப்பை யாரோ வெட்டிக் கழித்தண்ணீரைப் பாய்ச்சியிருந்தார்கள். வரப்பு நெடுக ஷூ தடம். இனி ஒருவரும் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று உப்பள முதலாளி அர்ச்சுனன் சொல்லிவிட்டார்.

"எங்க ஆளுங்க செய்யலக்கா. ஆனா ஷூ போடுறவங்க அவங்கதானே? நான் என்னான்னு சொல்லுவேன்?"

"பேச்சுல என்னா இருக்குது? நடந்து பாத்துடலாம்."

படகு தள்ளியவன் அர்ச்சுனனின் தம்பி நடராசன். ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடந்தான். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. முள் குத்தியிருக்கும் என்று தமீம் நினைத்துக்கொண்டான்.

திட்டில் ஏறியதும் அவனுக்கு வந்த வேலையே மறந்துபோனது. இடப்பக்கம் வானத்தை வாங்கி விரித்த பாத்திகள், வலப்பக்கம் பனைகள், மணல்மேட்டைத் தாண்டினால் கண் கூசுகிற கடல். இத்தனை வருஷம் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னால் பார்த்ததெல்லாம் கடலா என்று தோன்றியது.

வரப்பில் ஓரிடத்தில் வாரிய உப்பு சிந்தி, தாண்ட முடியாத நீளத்துக்கு விரிந்து கிடந்தது. தமீம் ஷூவோடு கால் வைக்கப்போக, மலர்கொடி தடுத்தாள்.

"கழட்டிட்டு வாங்கண்ணே."

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே தடங்களைப் பார்த்தான். உப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஷூ தடம். உப்பின்மேல் வெறுங்கால் தடம் மட்டும். அது வேலையாட்களுடையது என்று தள்ளிவிட்டான். அவன் சந்தேகமெல்லாம் திட்டைக் குத்தகைக்குக் கேட்டு, ரிசார்ட் கட்ட அலைகிற சென்னைக்காரர் ராஜ்கமல் மேல். அவர் காலில் எப்போதும் பளபளவென்று ஷூ.

சர்புன்னிசா எல்லாரையும் அங்கேயே வரவழைத்தாள். உப்புக்கு அந்தப் பக்கம் போனால் கடல் நன்றாகத் தெரியும், அங்கே பேசலாம் என்றாள். ராஜ்கமல் உப்பு நொறுங்க ஷூவோடு நடந்தார். அர்ச்சுனன் முகம் சுளித்துத் தன் செருப்பைக் கையில் எடுத்தார். நடராசனும் எடுத்தான்.

"பாத்தியா தம்பி? ராஜ்கமல் சார் வெட்டியிருந்தா உப்பு மேலயும் ஷூ தடம் விழுந்திருக்கும். மலர்கொடி கண்ணுல படாம அவ கூட்டத்து ஆளு வந்திருந்தாலும் அப்படித்தான். இந்த ஆளு அவ்ளோ அவசரத்துலயும் ஷூவைக் கழட்டி, உப்பைத் தாண்டி, திரும்ப மாட்டியிருக்கான். அளத்துல பொறந்தவனுக்கு உப்பு லட்சுமி."

கையில் தொங்கிய சொந்த ஷூவைப் பார்த்துத் தமீம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரப்பர் செருப்பு குதிகாலைக் கடிக்காதுப்பா நடராசா. பழகாத ஷூதான் கடிக்கும். யாரு மறந்துட்டுப் போன ஷூ அது?"

படகுக் கொட்டகையில் யாரோ விட்டுப்போனது என்று நடராசன் ஒப்புக்கொண்டான். உப்பும் நடையும் நின்றால் அண்ணன் வெறுத்துப்போய்க் குத்தகைக்கு விடுவார். ராஜ்கமல் ரிசார்ட்டில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். ராஜ்கமலுக்கு அப்போதுதான் கடலழகு கண்ணில் பட்டது.

அர்ச்சுனன் தம்பி பக்கம் திரும்பினார்.

"வரப்பை வெட்டக் கை வந்துச்சு. உப்பை மிதிக்கக் கால் வரலியாடா?"

"வரலண்ணா."

ஓங்கப்போன கை மண்வெட்டியை எடுத்து அவனிடம் நீட்டியது. வரப்பைக் கட்டச் சொன்னார். மலர்கொடியிடம், ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரலாம், உப்பு இருக்கிற இடத்தில் மட்டும் வெறுங்காலோடு வரட்டும் என்றார்.

படகுக்குத் திரும்ப அதே வரப்புதான். உப்பின் ஓரத்தில் ராஜ்கமல் தயங்கி நின்றார். அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.