தரையில் வைத்த மைக்

விருது மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க் கதை ஆரம்பிக்கிற நேரமா இது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதுதான் வருத்தம். நடுராத்திரியில் நடந்திருந்தால் மனப்பிரமை என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

அது ஒரு பழைய நாடக அரங்கம். போர்முனையிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர்களுக்கு ஆண்டுதோறும் அங்கேதான் விருது கொடுப்பார்கள். இந்த முறை விருது என் அக்காவுக்கு. விழாவில் காட்டப்போகும் படத்துக்கு ஒலி சேர்ப்பதும், விழா முழுக்க மைக்குகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அக்கா குண்டு விழுகிற ஊர்களுக்குப் போவாள். நான் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தக் குண்டுகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பேன். "பெரியவ போருக்குப் போறா, சின்னவ பொத்தான் அமுக்குறா" என்பாள் அம்மா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழாச் செயலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எந்தப் பேச்சை எடுத்தாலும் முன்வரிசையில் கொண்டுபோய் முடிப்பார். அதனால் நான் அவருக்கு முன்வரிசைக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

"குண்டுச் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்மா. பின்னாடி இருக்கவங்களுக்கும் ஒரு இது வரணும். ஆனா முன்வரிசை திடுக்கிட்டுடக் கூடாது. உடனே விருந்து இருக்கு பாருங்க."

"பயம் வரணும், பசி போகக் கூடாது. அவ்வளவுதானே சார்?"

"கரெக்டா புடிச்சீங்க!" என்றார். கிண்டல் அவர்மேல் ஒட்டவில்லை.

அக்காவுக்குக் கொடுக்கப்போகும் கண்ணாடிப் பலகையை எடுத்துக் காட்டினார். ‘கேட்கப்படாத குரல்களைக் கேட்கச் செய்தமைக்காக’ என்று செதுக்கியிருந்தது. இரண்டு முறை படித்தேன். சத்தியமாகப் பெருமையில்தான்.

ஒலி அறை மேடைக்கு நேர் எதிரே, பின்சுவரை ஒட்டி இருந்தது. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், பழைய கம்பளத்தின் புழுக்க வாடை, சூடேறிய கம்பிகளின் வாடை. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோனது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் தனி மௌனம் இருக்கிறது. ஆள் இல்லாத வகுப்பறையின் மௌனம் வேறு, ஆள் இல்லாத ஆஸ்பத்திரியின் மௌனம் வேறு. படத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் காதுக்கு ஓட்டை விழாமல் அடைக்க அந்தந்த இடத்து மௌனமே வேண்டும். அதற்காகப் படம் எடுக்கும் இடத்தில் எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். மைக்கைத் தரையில் வைத்தால் இன்னும் சுத்தமாக வரும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மற்ற தங்கைகள் வெளியூர் போகிற அக்காவிடம் துணிமணி கேட்பார்கள். நான் மௌனம் கேட்பேன்.

விருது வாங்கிக்கொடுத்த செய்தி ஒரு மருத்துவமனையின் நிலவறையில் எடுத்தது. மேலே கட்டடம் பாதி இடிந்திருந்தது. மிச்சமிருந்தவர்கள் நிலவறையில் ஒண்டியிருந்தார்கள். அவசரம் என்று அன்றைக்கு அந்தச் செய்தியைச் சேனல்காரர்களே வெட்டி ஒளிபரப்பிவிட்டார்கள். அக்கா எனக்காக எடுத்த அந்த ஒரு நிமிடம் இப்போதுதான், விழாப் படத்துக்காக, என் கைக்கு வந்திருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதலில் துணி உரசும் சத்தம். பிறகு அக்காவின் குரல். "ஒரே ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க, ப்ளீஸ்." ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ நெஞ்சோடு அணைத்திருக்க வேண்டும், அடங்கியது. மைக் தரையில் அமர்ந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. பலபேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கனமான அமைதி.

நல்ல மௌனம், வேலைக்கு ஆகும் என்று நினைத்தேன்.

டொக். டொக். டொக்.

தண்ணீர்க் குழாயாக இருக்கும். ஆனால் குழாய் காத்திருக்காது. இது தட்டியது, நிறுத்தியது, காத்திருந்தது, மறுபடி தட்டியது.

பதில் வருகிறதா என்று பார்க்கிற தட்டல்.

நிமிடம் முடியப்போகும்போது அக்காவின் குரல் மைக்குக்கு வெகு அருகில் வந்தது. தரையோடு குனிந்து கிசுகிசுத்தாள்.

"யாரு?"

ஒன்றுமில்லை.

"யாராவது இருக்கீங்களா?"

டொக்டொக்டொக்டொக்டொக்.

பதிவில், எங்கோ மேலே ஒரு வண்டி ஹாரனை நீளமாக அடித்தது. அக்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு ‘க்ளிக்’. பதிவு அவ்வளவுதான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. எழுந்து ஓடவில்லை, அக்காவுக்குப் போன் போடவில்லை. தட்டல் விழுந்த இடங்களைத் திரையில் குறித்து அழித்தேன். வேண்டாத சத்தம் கேட்டால் துடைப்பது தொழில் பழக்கம், மனசு யோசிப்பதற்குள் கை முடித்துவிடும். திரையில் கோடு நேராகிவிட்டது.

மறுபடி ஓடவிட்டேன்.

டொக். டொக். டொக்.

இன்னொரு முறை அழித்தேன். இன்னொரு முறை கேட்டது. ஹெட்போன் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். ஈர சிமெண்ட் வாடை குப்பென்று வந்தது. கம்பளத்தில் என் செருப்பைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. உள்ளங்காலில் மெல்லிய அதிர்வு.

கதவைத் திறந்து வராந்தாவில் போய்க்கொண்டிருந்த முன்வரிசைக்காரரைக் கூப்பிட்டேன். "சார், இந்த மண்டபத்துக்குக் கீழ அறை ஏதாவது இருக்கா?"

"கீழயா? வெறும் மண்ணும்மா. ஏன், கார் நிறுத்த இடம் கேக்குறாங்களா?"

மதியம் ஒத்திகைக்கு அக்கா வந்தாள். ஒலி அறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தவள், என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எதுவும் கேட்காமல் தரையைப் பார்த்தாள்.

"கேட்டுட்டியா?"

"அங்க இருந்தவங்ககிட்ட சொன்னியாக்கா?"

"அவங்களுக்குக் கேக்கலடி. தரையில வச்ச மைக்குக்குத்தான் கேட்டுச்சு. ஹெட்போன் என் காதுல இருந்துச்சு."

"சொன்னியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "படி ஏறும்போது சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. நாங்க எப்படி விட்டுட்டு வர முடியும்? இருட்டுறதுக்குள்ள பாதையை மூடிடுவாங்கன்னு டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, எங்களப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லுங்கன்னாங்க. சொல்றேன்னேன். வண்டியில ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"அந்த நிலவறைக்கும் கீழ மருந்து வைக்கிற அறை ஒண்ணு இருந்திருக்கு. ரொம்ப நாள் கழிச்சுத் திறந்தாங்களாம். கூரையில ஒரு இடம் மட்டும் தட்டித் தட்டித் தேஞ்சு போயிருந்துச்சாம்."

நான் காலைச் சற்று நகர்த்தி வைத்தேன்.

டொக். டொக்.

"அன்னையிலேர்ந்து கூடவே வருதுடி. ஹோட்டல்ல, ஆபீஸ்ல. விமானத்துல கூட, காலுக்குக் கீழ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு மேடையில சொல்லிடப் போறேன்."

"உனக்குப் பைத்தியமா? அம்மா முன்வரிசையில உக்காந்திருப்பா!"

முன்வரிசை என்று என் வாயே சொன்னது. எனக்கே சீ என்று இருந்தது. ஆனாலும் விடவில்லை. அம்மா ஊரையே கூப்பிட்டிருக்கிறாள் என்றேன், உன் பெயர் நாறிப்போகும் என்றேன், செத்தவர்கள் செத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது தரையில் தட்டல் நின்றது. அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்டி," என்றாள் அக்கா. "அன்னைக்கு விட்டுட்டேன். இன்னைக்கும் விட முடியாது."

மாலையில் மண்டபம் நிறைந்தது. அம்மா புதுச் செருப்பு கடிக்கிறது என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் அக்காவின் சின்ன வயது சமர்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. படம் ஓடியது. நான் துடைத்து வைத்த மௌனம் கூடத்தில் சுத்தமாக விழுந்தது. பலர் கைக்குட்டையை எடுத்தார்கள். அக்கா மேடையேறி விருதை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள்.

விழாத் தலைவர் பக்கத்து மைக்கில் சொன்னார். "நம் விருதாளர் பேசுவதற்கு முன், களத்தில் உயிர் துறந்த செய்தியாளர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். விளக்குகள் மங்கின. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கனமான அமைதி. அந்த அமைதியை நான் காலையிலேயே கேட்டிருந்தேன்.

டொக். டொக். டொக்.

என் அறையில் இல்லை. மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவில், தரைக்கு அடியில்.

எனக்கு மட்டும் கேட்டது என்று சொல்ல ஆசைதான். எல்லோருக்கும் கேட்டது. கோட் போட்ட ஒருவர் மெதுவாகத் தன் காலை நகர்த்தி வைத்தார். ஒரு பெண் தன் கணவரைப் பார்த்தாள், அவர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். மேடை ஓரத்தில் நின்ற முன்வரிசைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மௌன அஞ்சலியில் அசைந்தால் மரியாதையில்லை அல்லவா. யாருமே குனிந்து பார்க்கவில்லை.

டொக்டொக்டொக்டொக்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

அவள் மைக்கின் ஃபேடர் என் விரலுக்கு அடியில் இருந்தது. மேலே தள்ளினால் சத்தம், கீழே இழுத்தால் ஒன்றுமில்லை. முன்வரிசையில் அம்மா தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

நான் கீழே இழுத்தேன்.

அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "கீழ ஆள் இருக்காங்க." உதட்டைப் பார்த்தாலே எனக்குப் புரிந்தது. மறுபடி சொன்னாள். மைக்கைத் தட்டினாள். கத்தினாள் என்றே நினைக்கிறேன், கழுத்து நரம்பு புடைத்தது. மைக் இல்லாவிட்டாலும் முன்வரிசைக்குக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவள் குரலையே நான் கீழே இழுத்துவிட்டது போல ஒருவரும் நிமிரவில்லை. அதற்குள் பக்கத்து மைக்கில் தலைவர் "நன்றி, அமருங்கள்" என்றார். விளக்குகள் எரிந்தன. வாயைத் திறந்து, கண்ணீர் வழிய, சத்தமே வராமல் நிற்கும் என் அக்காவைக் கூட்டம் பார்த்தது. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டது.

யாரும் உட்காரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். விடாமல் தட்டினார்கள். கீழே தட்டிய சத்தம் அதற்குள் காணாமல் போயிற்று.

அக்கா கூட்டத்தைத் தாண்டி நேராக என் கண்ணாடியைப் பார்த்தாள்.

காரில் வரும்போது, அம்மா முன் சீட்டில் விருதை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டாள். "மைக் பழுதாக்கா," என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, காலைக் கீழே ஊன்றி, எதையோ கவனித்தாள்.

"இப்ப கேக்கலடி," என்றாள் ஆச்சரியமாக. "நின்னுடுச்சு."

அடுத்த மாதம் அவள் இன்னொரு போருக்குப் போய்விட்டாள். போன் செய்தபோது குரல் தெளிவாக இருந்தது. "நல்லாத் தூக்கம் வருதுடி. உனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"இல்லக்கா," என்றேன்.

எங்கள் வீடு தரைத்தளம். கீழே வேறு வீடு கிடையாது. விருதைக் கூடத்து அலமாரியில் அம்மா நிற்க வைத்திருக்கிறாள், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். தினமும் காலையில் கூட்டும்போது, "தரைக்கல்லு இடுக்குலேர்ந்து எங்கேருந்துதான் இந்த வெள்ளைப் பொடி வருதோ" என்று புலம்புவாள். இடுக்குகள் முன்னைவிட அகலமாகத்தான் இருக்கின்றன.

இன்று காலை காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று நின்றாள்.

"யாரோ தட்டுறாங்க பாரு."

"போய்ப் பாரும்மா," என்றேன்.

அம்மா போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. நேற்றும் திறந்தாள், முந்தாநாளும் திறந்தாள். "ஆளைக் காணோமே, பாவம், அவசரமாத் தட்டுன மாதிரி இருந்துச்சே" என்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா உள்ளே வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கால் இரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன்.