தலை தானே காயட்டும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நனைத்த தலை மாலை நாலு மணிக்கும் காயவில்லை.

ஐதராபாத் மே மாதத்தில் இது நடக்கிற காரியமா? மாடியில் போர்வையை நனைத்துப் போட்டால் அரை மணியில் அப்பளமாக விறைத்துப் போகும் வெயில். ருக்மிணிக்கோ முடி என்று சொல்லிக்கொள்ள இருந்ததே ஒரு கைப்பிடி. மஹதி பிறந்த பிறகு கொட்டியது கொட்டியதுதான், திரும்பி வரவே இல்லை. துண்டால் நாலு தட்டு தட்டினால் காய்ந்துவிடும் முடி அது. அன்றைக்கு மூன்று துண்டு மாற்றியாகிவிட்டது. பிழிந்தால் தண்ணீர் வந்தது, மறுபடி பிழிந்தால் மறுபடியும் வந்தது. ஹாலில் உட்கார்ந்த இடம், அடுப்படியில் நின்ற இடம், போன இடமெல்லாம் மொசைக் தரையில் சின்னச் சின்னக் குட்டை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு வாசனை இருந்தது. ருக்மிணி தேய்த்தது இரண்டு ரூபாய் ஷாம்பூ பாக்கெட். வந்ததோ வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேர்த்து அரைத்த வாசனை. ஏ.எஸ்.ராவ் நகரில் அந்த முதல் மாடி வீட்டில் அதை அரைத்துத் தேய்த்தவள் ஒருத்திதான். அவள் செத்து வருகிற பதினேழாம் தேதியோடு ஒரு வருஷம் ஆகிறது.

ஜலஜா. கொழுந்தன் சுதர்சனின் மனைவி. மன்னார்குடியிலிருந்து வந்த பெண். கல்யாணமான மூன்றாம் மாதம் சுதர்சனைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. விசா வரும்வரை இங்கே இருக்கட்டும் என்று மனைவியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். முழங்காலைத் தொடும் முடி அவளுக்கு. தலைக்குக் குளித்தாள் என்றால் அரை நாள் அந்த முடியின் வேலைதான். அதற்காகவே சுதர்சன் அங்கிருந்து ஒரு ஹேர் ட்ரையர் அனுப்பினான். அமெரிக்காச் சாமான் நூற்றுப்பத்து வோல்ட், நம் ஊர் மின்சாரம் அதற்கு இரண்டு மடங்கு. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எஞ்சினியராக இருந்த ஜகதீசன், வோல்டேஜைக் குறைக்கிற கன்வர்ட்டர் பெட்டி ஒன்றைத் தம்பி மனைவிக்காக வாங்கிவந்து, தன் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"சூடா வெச்சாலும் சரி, கூல்ல வெச்சாலும் சரி, இந்தப் பெட்டி வழியாத்தான் போடணும். நேரா சொருகினா ஆளே காலி. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடு ருக்மிணி."

பெட்டியில்தான் சொருக வேண்டும் என்பதை ருக்மிணி சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.

"முடின்னா தானா காயணும். மிஷின் காத்தெல்லாம் எதுக்கு?" என்பாள் ருக்மிணி.

"சூட்டுலதான்க்கா முடி கெடும். நான் கூல் காத்துதானே வெக்கிறேன்? நாள் பூரா ஈரத்துல ஊறினாத்தான் முடி வீணாப் போகும்" என்பாள் ஜலஜா, சிரித்துக்கொண்டே.

சரியாகப் பேசுகிறவள் சிரித்துக்கொண்டும் பேசினால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் ருக்மிணியின் வயிறு எரிந்தது முடிக்காக மட்டும் இல்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷம், கலைந்துபோனது மூன்று, அதற்குப் பிறகு பிறந்தவள் மஹதி. கோயில் கோயிலாக விழுந்து பெற்ற பிள்ளை. அவளை விட்டால் ருக்மிணிக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. அந்த மஹதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "சித்தி, சித்தி" என்று ஓடுவாள். குளிர்ந்த காற்றில் பறக்கும் அந்த முடியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அம்மா கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஜலஜா செத்த அன்றைக்கு மஹதி வீட்டில் இல்லை, சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். ஜலஜா குளித்துவிட்டு, தலையிலிருந்து சொட்டச் சொட்ட, குளியலறை வாசலில் வெறுங்காலோடு நின்று கேட்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டியத் தூக்க முடியல. கூல்ல மட்டும் வெச்சா பெட்டி இல்லாமயே போடலாமாக்கா?"

ருக்மிணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஹவ்" என்றாள்.

ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம். நக்கோ என்றால் வேண்டாம். இருபது வருஷம் அங்கே குடியிருந்தவர்களுக்கு நாக்கில் ஊறிய சொற்கள். முடி கொஞ்சம் பொசுங்கட்டும் என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள். ஒரு வருஷமாகத் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போலீசிடமும் ஜகதீசனிடமும் மன்னார்குடியிலிருந்து ஓடிவந்த பெண்ணின் அப்பா ரகுநாதனிடமும் அவள் சொன்னது வேறு. "நான் நக்கோன்னுதான் சொன்னேன். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியல போலிருக்கு." எல்லோரும் நம்பினார்கள். பாஷை தெரியாத ஊருக்குப் பெண்ணை அனுப்பியது என் தப்பு என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, காபி கலந்து கொடுத்ததும் ருக்மிணிதான். மஹதி பயந்துவிடுவாள் என்று அவளிடம் மட்டும், ஷாக் அடித்ததைச் சொல்லாமல், சித்திக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவைத்தார்கள்.

சனிக்கிழமையும் தலை காயவில்லை. சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்துப் படுத்துப் பார்த்தாள். சொட்டிய தண்ணீரில் கங்கு அணைந்ததுதான் மிச்சம். உச்சிவெயிலில் மொட்டைமாடியில் நின்றாள், தோள் கன்றிப்போனது, முடி அப்படியே இருந்தது. இலை அசையாத அந்தப் புழுக்கத்தில் பிடரியில் மட்டும் அவ்வப்போது ஒரு குளிர்ந்த காற்று வந்து பட்டது. வாயைக் குவித்து யாரோ மெல்ல ஊதுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

"பாத்ரூம் குழாயத் தலையிலயே கட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்தார் ஜகதீசன். "ட்ரையர் போட்டா அஞ்சு நிமிஷ வேல" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டார். மஹதி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் சுதர்சன் ஃபோன் செய்தான். திவசத்துக்குப் புதன்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு நாளா அவ கனவுல வரா. ஒண்ணும் பேச மாட்டேங்கிறா, ஈரத் தலையோட நின்னுக்கிட்டே இருக்கா. அன்னிக்கு நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி."

ருக்மிணியின் காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அந்த வாசனை வெகு அருகில் வந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் யாரோ குனிந்து கேட்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குத் தோன்றியது உண்மை. சொன்னால் ஜகதீசன் முகத்தில் எப்படி விழிப்பது? மஹதி என்ன நினைப்பாள்?

"நக்கோன்னேன் சுதர்சன். நூறு தடவ கேட்டாலும் அதான். நக்கோன்னுதான் சொன்னேன்."

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. இந்தப் பக்கம், மறுபடியும் சொட்டத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை ஜகதீசன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். அந்தக் கோடையில் தினமும் எட்டிலிருந்து பத்துவரை கரண்ட் கிடையாது. மின்விசிறி நின்று, ஃபிரிட்ஜ் முனகலும் நின்று, வீடு காது அடைத்த மாதிரி இருந்தது. நாற்காலியைப் பால்கனியில் போட்டு, இரும்புக் கிராதியில் முதுகு சாய்த்து, முடியைக் கம்பிகளுக்கு வெளியே வெயிலில் எடுத்துப் போட்டுக்கொண்டு ருக்மிணி உட்கார்ந்தாள். எதிரே திறந்த கதவு, கதவுக்கு அப்பால் ஹால். உள்ளே எங்கேயோ மஹதி ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

கீழே தள்ளுவண்டிக்காரன் குரல் கொடுத்தான். "அம்மா, பைங்கன் தூன்?" கத்தரிக்காய் வேண்டுமா என்று கேட்கிறான். வீட்டில் ஏற்கெனவே அரைக் கிலோ கிடந்தது.

நக்கோ என்றாள் ருக்மிணி.

"ஹவ்" என்று கேட்டது. அவள் குரலில்.

அவன் நிறுத்து, பால்கனியிலிருந்து கயிற்றில் தொங்கிய தூக்குக்கூடையில் போட ஆரம்பித்தான். ருக்மிணிக்குச் சிரிப்பு வந்தது. நாக்கு புரண்டுவிட்டது, வேறென்ன? வேண்டாம்ப்பா என்று சத்தமாகச் சொன்னாள்.

"ஹவ்."

"ஹவ் அம்மா, போட்டுட்டேன், காசு அப்புறம் வாங்கிக்கறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ருக்மிணி நாக்கைக் கடித்துப் பார்த்தாள். வலித்தது. தன் நாக்குதான். மெதுவாக, தனக்கு மட்டும் கேட்கும்படி, இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். கூடாது என்று சொல்லிப் பார்த்தாள். மகள் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லே வாயிலிருந்து விழுந்தது, அது விழும்போதெல்லாம் பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது.

எழப் பார்த்தாள். எழ முடியவில்லை.

முடி எங்கேயோ மாட்டியிருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். கம்பி. கம்பியில் முடி. மூன்று கால் எடுத்து, வழவழவென்று, கம்பியோடு சேர்த்துப் பின்னியிருந்தது. அவள் விரல் பட்ட இடத்துக்குக் கீழே இன்னும் பின்னிக்கொண்டே போனது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ஒரு கைப்பிடி முடி, இவ்வளவு நீளம் எப்படி வந்தது? இவளுடைய விரல்மேல் இன்னொரு விரல் உரசியது. ஐஸ். ஊறிச் சுருங்கிய விரல்.

"அம்மா! சர்ப்ரைஸ்!"

ஹாலில் மஹதி நின்றாள். வெறுங்கால். ஃப்ராக் முழுக்கப் பரண் தூசி. கையில் ட்ரையர். போலீஸ் திருப்பிக் கொடுத்ததைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஜகதீசன் பரணில் வைத்திருந்த ட்ரையர். ஒரு பக்கம் கருகியிருந்தது. பால்கனிக் கதவோரம் இருந்த ப்ளக்கில் அதை ஏற்கெனவே சொருகியிருந்தாள்.

"த்ரீ டேஸா உன் ஹேர் காயவே இல்லையே, பாவம் நீ. நான் போட்டு விடறேன். சித்திக்கு நான்தானே பிடிச்சுப்பேன்? ஐ நோ எவ்ரிதிங்."

ருக்மிணி கத்தினாள். கீழே வை என்று கத்தினாள்.

"ஹவ்!"

குழந்தை சிரித்தது. ஸ்விட்சைத் தட்டியது. கரண்ட் இல்லை. ட்ரையர் சும்மா இருந்தது.

"அய்யோ, பவர் இல்லைல்ல? பரவால்ல, டென் ஓ க்ளாக் வந்துடும்."

அவள் காலடியில் தண்ணீர். மூன்று நாளாகத் துடைத்துத் துடைத்து மாளாத தண்ணீர், நாற்காலியிலிருந்து வாசற்படி தாண்டி, மொசைக்கில் மெல்ல ஓடி, பத்து விரல்களையும் சுற்றி நின்றது. ருக்மிணி பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். நெற்றித் தோல் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. பின்னல் விடவில்லை.

மஹதி நெற்றியைச் சுருக்கினாள். யோசித்தாள்.

"அம்மா, அந்தப் பெட்டி பரண்ல இல்ல. கூல்ல மட்டும் வெச்சா பெட்டி இல்லாமயே போடலாமாம்மா?"

ருக்மிணி வாயை இறுக மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். பேச மாட்டேன். செத்தாலும் பேச மாட்டேன். தலையை ஆட்டினால் போதும். இடமும் வலமும். குழந்தைக்குப் புரியும்.

பின்னால் பின்னல் இறுகியது. ஒரு கை அதைப் பிடித்தது. கீழே இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது.

தலை மேலும் கீழும் ஆடியது.

"ஓகேம்மா" என்றாள் மஹதி. கூல் பக்கம் தள்ளினாள். ட்ரையரை இரண்டு கையாலும் பிடித்தாள். காத்திருந்தாள், சந்தோஷமாக.

தெருக்கோடியில் ஒரு வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் டிவி அலறியது.

"அம்மா, வந்துடுச்சு" என்று மஹதி அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே மின்விசிறியின் இறக்கை மெதுவாக ஒரு சுற்று நகர்ந்தது.