பூட்டிய தொட்டியில் ஏறிய வீரியம்

"தண்ணி கலந்துட்டேன்னு சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு சார். வீரியம் கூடிடுச்சுன்னு என்னைத் திருடிங்கறார்!"

உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கொட்டித் தீர்த்தாள் அந்தப் பெண். மது ஆலை ஒன்றின் கிடங்குப் பொறுப்பாளர். துப்பறிவாளர் நிதானமாகத் தலையாட்டினார். அவருக்கு உதவியாளரான அக்கா மகளோ நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். வழக்கு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஆலையைப் புதிதாக வாங்கிய முதலாளி, போன மாதம் ஒரு தொட்டி ரம்மைத் தானே அளந்து முத்திரை வைத்திருந்தார். அன்று ஐம்பது சதவீதம் ஆல்கஹால். நேற்று தொட்டியின் அடிக்குழாயில் பிடித்துப் பார்த்தபோது, வாங்க வந்தவர்களின் புதுக் கருவியோ ஐம்பத்தேழு என்றது. நல்ல ரம்மைத் திருடி விற்றுவிட்டு, மலிவான எரிசாராயத்தை ஊற்றி நிரப்பிவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் குதித்திருக்கிறார் மனிதர். கிடங்குச் சாவி அவளிடம் மட்டுமே இருந்தது.

"சாயந்திரம் போலீசுக்குப் போறாராம். என் பையன் காதுக்கு எட்டறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க சார்."

மூவரும் ஆலைக்குப் போனார்கள். தொட்டி மூடியில் அரக்கு முத்திரை கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"சூடு காட்டி எடுத்துட்டு மறுபடி ஒட்டியிருக்கலாம் மாமா!" என்று கிசுகிசுத்தாள் அக்கா மகள்.

"நம்மகிட்ட வந்தவங்களையே உள்ள தள்ளிடுவ போலிருக்கே," என்ற துப்பறிவாளர், முதலாளியிடம் திரும்பினார். "எதால அளந்தீங்க?"

முதலாளி பெருமையோடு ஒரு கண்ணாடி மிதவையை நீட்டினார். ஆலையோடு சேர்ந்து வந்த பழைய பொருள். "நூறு காட்டுச்சு. பாதியாக்கினா சதவீதம். வெளிநாட்டுப் பாருல குப்பை கொட்டினவன் சார் நான். புட்டியில வீரியம் எண்பதுன்னு இருந்தா நாற்பது சதவீதம்னு அர்த்தம்."

"மிதவையோட உச்சியில என்ன போட்டிருக்கு, படிம்மா."

"நூத்தியெழுபத்தஞ்சு மாமா. பக்கத்துல 'சுத்தச் சாராயம்'னு இருக்கு."

துப்பறிவாளர் சிரித்தார். "சுத்தச் சாராயம்னா எத்தனை சதவீதம் முதலாளி?"

"நூறு. அதுக்கு மேல எங்க போறது?"

"பாதியாக்கறது சரின்னா உச்சியில இருநூறு இருக்கணுமே? நீங்க பாருல பாத்தது ஒரு நாட்டு அளவு, இது வேற நாட்டு அளவு. அந்தக் காலத்துல வெடிமருந்துல மதுவை ஊத்திப் பத்தவெச்சுப் பாப்பாங்க. பத்திக்கிட்டா வீரியம் போதும். அந்த எல்லையைத்தான் இவங்க நூறுன்னு வெச்சாங்க."

அக்கா மகள் கைபேசியில் வகுத்தாள். "நூறை நூத்தியெழுபத்தஞ்சால வகுத்தா… மாமா, ஐம்பத்தேழு சதவீதம்!"

முத்திரையை உடைத்து, ஒரு குவளை ரம்மில் மிதவையை விட்டார்கள். அது ஆடி அடங்கி, நூறிலேயே நின்றது. யாரும் எதையும் எடுக்கவில்லை, எதையும் ஊற்றவில்லை.

முதலாளியின் முகம் தொங்கிப்போயிற்று. "சரி… தப்பா நெனைச்சுக்காதம்மா. போய் வேலையைப் பாரு," என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் அசையவில்லை. "நேத்து ஆலை அதிரக் கத்தினீங்க. இன்னிக்கு என் காதுல மட்டும் சொல்றீங்க."

முதலாளி துப்பறிவாளரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதலாளி புட்டி நிரப்பும் கூடத்துக்குப் போய், இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தொழிலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்க எதையும் எடுக்கல!" என்று கத்தினார். "கணக்குத் தெரியாம நான்தான் பழி போட்டுட்டேன். மன்னிச்சுடும்மா!"

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் தேம்பித் தேம்பி அழுதாள்.