டைசன் விழுங்காத களி

டைசன் களியை விழுங்கவில்லை.

அடுப்படி வாசலில் நின்று அம்சவேணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் போட்ட கேழ்வரகுக் களி உருண்டையை நாய் முகர்ந்தது, சிந்தாமல் சிதறாமல் முழுசாகக் கவ்வியது, படியிறங்கி, மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே மத்தியான மூடுபனிக்குள் போய் மறைந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது வாய் காலியாக இருந்தது. வயிற்று மயிரெல்லாம் ஈரம். மேலெல்லாம் பாசியும் பழந்தண்ணீரும் கலந்த வாடை.

எங்கேயாவது புதைத்துவிட்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான் நடந்தது. அதற்கு மறுநாளும். பத்து நாளில் அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன.

அது அவள் புருஷன் அண்ணாமலை கொண்டுவந்த நாய். தாய் ரிட்ரீவர் என்ற வெளிநாட்டுச் சாதி, தகப்பன் வேட்டை நாய். தொங்கும் காதும் பொன்னிற மயிருமாகக் குட்டியாக வந்தது. அந்த வீட்டில் அண்ணாமலை அன்பாகப் பேசிய ஒரே உயிர் அதுதான். "சாமி, வாடா" என்று அவன் நாயைக் கொஞ்சுவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குரல் இவனுக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கு வியப்பாக இருக்கும். பதினைந்து வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது பெல்ட்டும், சரியாகக் கேட்காமல் போன இடது காதும்.

ஐப்பசி மழையில், குடித்துவிட்டுக் குறுக்குவழியில் வந்தவன், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய கல்குழிக்குள் விழுந்தான். அவன் கத்துவது அவளுக்குக் கேட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு பாதித் தூரம் போகவும் போனாள். உதவி கேட்டுக் கத்துகிற அந்தக் குரலிலும் அவள் பெயருக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. நின்றாள். திரும்பி நடந்தாள். நாயை மாட்டுக் கொட்டகையில் கட்டி, குரைக்காமலிருக்க வாயைத் துணியால் சுற்றினாள். மூன்றாம் நாள் காலையில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறார் என்று ஊரில் சொன்னாள். வாழவந்தி நாட்டு மலையூர்களில் அதை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவன் வரவேண்டும் என்று யாருக்கும் இல்லை.

இப்போது மாசி.

மிளகு வாங்க அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து வியாபாரி அப்துல் கரீம் வந்தார். டைசனைக் குட்டியாகக் கொடுத்தவர் அவர்தான். சாக்கை வண்டியில் ஏற்றியவர் நாயைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏனுங்க அம்சவேணி, சோறு வைக்கறதில்லீங்களா? எலும்புந்தோலுமா நிக்குது."

"வைக்கறனுங்க. திங்காம எங்கியோ தூக்கிட்டுப் போயிருதுங்க."

கரீம் நாயின் கழுத்தைத் தடவினார். "இதோட அம்மா சாதி அப்படீங்க. திங்கறதுக்காகக் கவ்வாது, கொண்டுபோய்க் குடுக்கறதுக்குத்தான் கவ்வும். அதும் பழக்குன கைக்குத்தான் குடுக்கும்." சிரித்தார். "அண்ணாமலை இல்லாம யாருக்குக் கொண்டுபோகுதோ!"

அவள் சிரிக்கவில்லை.

"இப்பக்கூட அந்தக் கல்குழிப் பக்கமே இழுக்குது பாருங்க. வேட்டை நாய் மூக்கு சும்மா இழுக்காதுங்க. வெள்ளிக்கிழமை வாரேன். பின்னாடியே ஒரு நடை போய்ப் பாத்துருவோம்."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"இதுல என்னங்க சிரமம்" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

அன்று அவள் நாயைச் சங்கிலியில் கட்டினாள். அது குரைக்கவில்லை. கல்குழிப் பக்கம் மூஞ்சியைத் தூக்கி, தகப்பன் வழியில் வந்த அந்த நீண்ட ஊளையை இழுத்துக்கொண்டே இருந்தது. காலையில் சங்கிலி கிடந்தது, நாய் இல்லை. துணிக்கொடியில் கிடந்த அண்ணாமலையின் கம்பளியும் இல்லை. மறுநாள் அவனுடைய ஈயத் தட்டைக் காணோம். வியாழக்கிழமை, மாடத்தில் நாலு மாதமாகத் தொடாமல் கிடந்த பீடிக்கட்டைக் காணோம்.

தீப்பெட்டியையும்.

தீப்பெட்டி நாய்க்கு எதற்கு?

நாளைக்குக் கரீம் வருவார். குழி ஓரத்தில் கம்பளியும் தட்டும் கிடந்தால் கேள்வி வரும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். களியைக் கிளறிச் சட்டியில் வைத்தாள். டைசன் கவ்விக்கொண்டு கிளம்பியது. அவள் பின்னால் நடந்தாள்.

நாலு மணிதான் ஆகியிருந்தது. ஆனால் பனி இறங்கி, மரங்கள் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் வலது காதில் மட்டும் பெரிதாகக் கேட்டது. புல்லுக்குள் நாயின் கால்பட்டு வழவழப்பாகிப்போன ஒற்றையடித் தடம், ஒரு வளைவும் இல்லாமல் நேராகப் போனது. பாசி வாடை முதலில் வந்தது. அப்புறம் இன்னொரு வாடை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. பீடிப் புகை.

யாராவது ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள்.

"யாருங்க அங்க?"

கேட்டுக்கொண்டே விளிம்பு வரை போனாள்.

குழி விளிம்பில் எதுவும் கிடக்கவில்லை. கம்பளி இல்லை, தட்டு இல்லை. இத்தனை நாளாகப் போன களியில் ஒரு துணுக்குகூட இல்லை. ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டாள். வெகுநேரம் கழித்து, வெகு ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம். ஏணி வைத்தாலும் எட்டாத ஆழம். அவளுக்கு மூச்சு வந்தது. செத்தவன் செத்தவன்தான்.

டைசன் உருண்டையை விளிம்பில் வைத்தது. படுத்தது. வாலை ஆட்டியது.

கீழே தண்ணீர் ஒருமுறை அசைந்தது.

பாறையை நகம் பிறாண்டும் சத்தம். மெதுவாக. நிதானமாக. மேலே வருகிறது.

ஓடவேண்டும்.

விளிம்பில் ஒரு கை வந்து படிந்தது.

கை மட்டும்தான். தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் சுருங்கிப்போன கை. நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. அது டைசனின் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, காதுக்குப் பின்னால் சொறிந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டது.

பிறகு அந்தக் கை கல்லின்மேல் மலர்ந்து கிடந்தது. உருண்டை ஒரு முழம் தள்ளி இருந்தது. கை துழாவியது. எட்டவில்லை. நின்றது. காத்திருந்தது.

டைசன் கண்ணைத் திறந்து அம்சவேணியைப் பார்த்தது.

பதினைந்து வருஷம். மூன்று வேளை. அவன் கேட்பதற்கு முன்னால் சோறு வைத்துவிட வேண்டும். தாமதித்தால் என்ன நடக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அவள் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால்கள் மடங்கின. அவள் கை உருண்டையை எடுத்தது. நீண்டது. அந்த வெளுத்த உள்ளங்கையில் வைத்தது.

சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் தூங்கி எழுந்தவனின் கைபோல.

விரல்கள் மூடின. அவற்றுக்குள் களியும், அவள் கையும்.