நறுக்காத கத்துன்குமா

நந்தேசா பத்து வயதுச் சிறுமி. எதைச் சமைத்தாலும் முதலில் நாக்கின் நுனியால் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். கசந்தால் முகம் சுருங்கிவிடும்.

"குழம்பை நாங்க ருசி பார்க்கவே வேண்டாம். உன் மூஞ்சியே சொல்லிடும்" என்று அவளுடைய அண்ணன் கக்வா கேலி செய்வான்.

மசாக்கா நகரில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு நம்போசே அத்தை வந்திருந்தாள். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால், உணவுதான் இறங்கவில்லை.

"எல்லாம் சாம்பலைத் தின்கிற மாதிரி இருக்கு. கத்துன்குமா இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள் அத்தை.

கத்துன்குமா, கோலிக்குண்டு அளவுள்ள பச்சைக் கத்திரிக்காய். அதன் கசப்புக்கு ஈடில்லை.

"இன்னைக்கும் சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரிதான்" என்று கவலையோடு சொல்லிவிட்டு அம்மா சந்தைக்குச் சென்றாள்.

நந்தேசா தோட்டத்தில் காய்களைப் பறித்தாள். நோயாளிக்கு இவ்வளவு கசப்பா என்று இரங்கினாள். காய்களை நறுக்கி, விதைகளை வழித்தெடுத்து, உப்புநீரில் ஊறவைத்துப் பிழிந்தாள். பின்பு வேர்க்கடலைக் குழம்பில் வேகவைத்து, அவர்கள் ஊர் வழக்கப்படி அத்தையின் முன் முழந்தாளிட்டுப் பரிமாறினாள்.

அத்தை ஒரு கவளம் உண்டாள். தட்டை மெல்ல நகர்த்தினாள்.

"நல்லா இல்லையா அத்தை?"

"நல்லாத்தான் இருக்கும் கண்ணு. என் நாக்குதான் செத்துப்போச்சு."

நந்தேசாவின் கண்கள் கலங்கின. மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அத்தையோ அதை விழுங்காமல் கடித்து மென்றாள்!

"ஐயோ அத்தை, அது கசக்குமே!" என்று அலறினான் கக்வா.

"ஆமாடா! இன்னைக்குத் தின்னதுல இதுக்கு மட்டும்தான் ருசி இருக்கு."

நந்தேசா சட்டென்று எழுந்தாள். காய் ஊறிய நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அப்பப்பா! அத்தை கேட்ட கசப்பெல்லாம் அந்தக் கிண்ணத்து நீரில் கிடந்தது.

மீண்டும் தோட்டத்துக்கு ஓடினாள். இம்முறை காய்களை நறுக்கவில்லை. முழுதாகவே வாழையிலையில் பொதிந்து, இரவு உணவுக்காகப் பானையில் வேகவைத்திருந்த வாழைக்காய்ப் பொதியின்மேல் வைத்து மூடினாள்.

"அடியே, அத்தையை ஊருக்கே ஓட வைக்கப் போறியா?"

"நீ விறகைத் தள்ளுண்ணா!"

மாலையில் இலைகளைப் பிரித்தாள். வெண்ணிற ஆவி கூரைவரை எழுந்தது. உள்ளே வாழைக்காய் பொன்னாக மாறியிருந்தது. கத்துன்குமாக்கள் தோல் வெடித்து, உள்விதைகள் மின்னக் கிடந்தன. கக்வா ஓடிப்போய்த் தட்டை எடுத்து வந்தான்.

அத்தை ஒரு காயை உப்போடு நசுக்கி வாயிலிட்டாள். கண்களை மூடினாள். நந்தேசா மூச்சை அடக்கிக்கொண்டாள். அத்தையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"கசக்குது!" என்றாள் அத்தை, மகிழ்ச்சியோடு. பிறகு வாழைக்காயை ஒரு வாய் எடுத்தாள். "அடடே, இது இனிக்குதே!"

இத்தனை சிறிய காய் இனிப்பையும் எழுப்பிவிட்டதே! நந்தேசா அந்தப் பச்சை மணிகளை இமைக்காமல் பார்த்தாள்.

வாசலில் அம்மா, தலைச்சுமையை இறக்கவும் மறந்து நின்றாள். தட்டு காலியாகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அத்தைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டாள் அம்மா.

"நானே சமைக்கிறேம்மா. அத்தை கேட்கிற மாதிரியே" என்றாள் நந்தேசா.